சில்லுகளை இடம் மாற்றும் முன் டயரைப் படியுங்கள்

வாழைச்சேனையிலிருந்து பொத்துவில் வரையுள்ள வாசகர்கள் இம்முறை அனுப்பிய கடிதங்களில் பாதிக்கு மேற்பட்டவை ஒரே விடயத்தைக் கேட்கின்றன: முன் சில்லைப் பின்னுக்கும் பின் சில்லை முன்னுக்கும் மாற்றிப் போட வேண்டுமா, அப்படியானால் எத்தனை கிலோமீற்றருக்கு ஒரு தடவை? ஒரே கேள்வியானாலும் கேட்பவரின் வாகனத்துக்கு ஏற்ப விடை மாறுகிறது. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இப்பக்கங்களை முழுதாக டயருக்கே தருகிறேன்.

கேள்வி: நான் ஓர் ஆசிரியை. களுவாஞ்சிக்குடியில் வசிக்கிறேன். பட்டிருப்புப் பாலம் கடந்து வெல்லாவெளிப் பக்கமுள்ள பாடசாலைக்கு நாள்தோறும் ஆல்ட்டோ காரில் சென்று வருகிறேன். போக வர ஏறத்தாழ 30 கிலோமீற்றர், அதில் ஒரு பகுதி கிரவல் வீதி. முன் டயர்கள் தேய்ந்துவிட்டன, பின் டயர்களோ நேற்று வாங்கியவை போல இருக்கின்றன. ஒயில் மாற்றும் இடத்தில் 5,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை சில்லு மாற்ற வேண்டும் என்கிறார்கள். 20,000 வரை கைவைக்கத் தேவையில்லை என்பது என் தம்பியின் கருத்து. யார் சொல்வது சரி?

பதில்: உங்கள் காரில் எஞ்சின் முன்பக்கம் இருக்கிறது, காரை இழுப்பவையும் முன் சில்லுகளே. வளைவுகளில் காரைத் திருப்புவது, பிரேக் பிடிக்கும்போது முன்னோக்கிச் சாயும் பாரத்தைத் தாங்குவது ஆகிய வேலைகளும் அவற்றின் மேலேயே விழுகின்றன. பின் சில்லுகள் கூடவே உருண்டு வருவதும் பின்பாரத்தைச் சுமப்பதும்தான். ஆகையால் முன் டயர் விரைவாகத் தேய்வது உங்கள் காரின் குறையன்று. முன்சில்லு இழுக்கும் வாகனங்கள் எல்லாவற்றினதும் இயல்பு அது.

இடைவெளியைப் பொறுத்தவரை, வாகனத்தோடு வந்த கைந்நூலில் எண் தரப்பட்டிருந்தால் அதுவே முதல் விடை. அது கையில் இல்லாவிட்டால் 8,000 முதல் 10,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை என்று வைத்துக்கொள்ளுங்கள். 5,000 கிலோமீற்றரில் மாற்றுவதால் தீங்கு எதுவும் இல்லை, ஆனால் பெரிய இலாபமும் இல்லை. தம்பி சொல்லும் 20,000 மிகப் பிந்தியது. அதற்குள் முன் டயரின் ஓரங்கள் தமக்கென ஒரு வடிவத்தை எடுத்துவிடும். அதன் பின் பின்னுக்குப் போட்டாலும் அந்த வடிவம் எளிதில் நேராகாது. நீங்கள் கிரவல் வீதியில் ஓடுவதால் 8,000 என்ற எண்ணையே பிடித்துக்கொள்ளுங்கள். பாடசாலை நாட்களையும் மற்றப் பயணங்களையும் சேர்த்துப் பார்த்தால் அது ஏறத்தாழ ஆண்டுக்கு ஒரு தடவை வரும். மாரி மழை தொடங்குவதற்கு முன், ஒக்டோபர் மாதத்தில் அந்த வேலையைச் செய்துகொண்டால், டயரின் பூவிலுள்ள தவாளிப்புகளின் (பள்ளங்களின்) ஆழத்தையும் மழைக்கு முன்னரே பார்த்துவிடலாம்.

ஆனால் ஒன்றை வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். சில்லைக் கழற்றுவதற்கு முன் டயர் எப்படித் தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள். வாகனத்தின் கீழ்ப்பகுதியில் என்ன பிழை இருக்கிறது என்பதை டயர்தான் முதலில் எழுதிக் காட்டும். பார்க்காமல் இடம் மாற்றிவிட்டால் அந்தச் சாட்சி வேறு மூலைக்குப் போய்விடும். எந்த மூலையில் பிழை என்று பிறகு எவராலும் சொல்ல முடியாது. 'முன் டயர்கள் தேய்ந்துவிட்டன' என்று எழுதிய நீங்கள், எந்த இடத்தில் தேய்ந்தன என்று எழுதவில்லை. முழுப் பரப்பும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தால் கவலையில்லை, இடம் மாற்றுங்கள். இரண்டு ஓரங்களும் தேய்ந்து நடுப்பகுதி உயர்ந்து நின்றால் நீண்ட காலம் காற்றுக் குறைவாக ஓடியிருக்கிறீர்கள். நடு தேய்ந்து ஓரங்கள் நின்றால் காற்று மிகையாக இருந்திருக்கிறது. ஒரு பக்க ஓரம் மட்டும், குறிப்பாக உட்பக்க ஓரம் தேய்ந்திருந்தால் சில்லின் சாய்வு பிழையாக இருக்கிறது. உள்ளங்கையை டயரின் குறுக்கே ஒரு திசையில் தடவும்போது வழுவழுப்பாகவும், எதிர்த்திசையில் தடவும்போது வாளின் பல்லைப் போலவும் இருந்தால், சில்லுகள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கின்றன; வீல் எலைன்மன்ட் பார்க்க வேண்டும். டயரைச் சுற்றிலும் அங்கங்கே குழி குழியாகத் தேய்ந்திருந்தால் சொக் அப்சோபரைச் சந்தேகியுங்கள். கிரவல் வீதியில் ஓடும் கார்களில் கடைசி இரண்டையும் நான் அதிகமாகக் கண்டிருக்கிறேன்.

உட்பக்க ஓரத்தை நின்ற நிலையில் பார்க்க முடியாது. ஸ்டியரிங்கை முழுதாக ஒரு பக்கம் திருப்பி வைத்துவிட்டு, குனிந்து பாருங்கள். ஆழம் அளக்கக் கருவி வேண்டியதில்லை. ஒரு தென்னோலை ஈர்க்கைத் தவாளிப்புக்குள் விட்டு, நகத்தால் அடையாளம் பிடித்து, அடிமட்டத்தில் வைத்துப் பார்த்தால் போதும். உள் ஓரம், நடு, வெளி ஓரம் என்று ஒவ்வொரு டயரிலும் மூன்று இடங்களில் அளந்து ஒரு கொப்பியில் திகதியோடு குறித்து வையுங்கள். புதிய கார் டயரில் ஆழம் ஏறத்தாழ 8 மில்லிமீற்றர் இருக்கும். தவாளிப்புகளின் அடியில் குறுக்கே சிறிய மேடுகள் இருப்பதைக் காண்பீர்கள். அவற்றின் உயரம் 1.6 மில்லிமீற்றர். மேற்பரப்பு தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் அந்த டயரின் காலம் முடிந்துவிட்டது. அதை எந்த மூலைக்கும் மாற்றக் கூடாது, கழித்துவிட வேண்டும்.

மாற்றும் முறை இது: முன் சில்லுகள் இரண்டும் தத்தம் பக்கத்திலேயே நேராகப் பின்னுக்குப் போக வேண்டும். பின் சில்லுகள் குறுக்காக முன்னுக்கு வர வேண்டும். அதாவது பின் இடது முன் வலத்துக்கும், பின் வலது முன் இடப்பக்கத்துக்கும். நான் வேலை பழகிய காலத்தில் ரேடியல் டயரைக் குறுக்காக மாற்றவே கூடாது என்று எங்களுக்குக் கற்பித்தார்கள். ஆரம்பகால ரேடியல் டயர்களுக்குச் சொல்லப்பட்ட அந்த விதி இன்றைய டயர்களுக்குப் பொருந்தாது. குறுக்காக மாற்றும்போது சுழலும் திசை மாறுவதால் ஒருபக்கமாகச் சாய்ந்த தேய்வு சமப்படுகிறது. டயரின் பக்கச்சுவரில் சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி இருந்தால் மட்டும் குறுக்கே போடாதீர்கள்; அதே பக்கத்தில் முன்னையும் பின்னையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

வீட்டில் செய்ய விரும்பினால், முழு அளவான ஸ்பெயார் சில்லும் ஒரே ஒரு ஜக்கும் போதும். முதலில் பின் இடது சில்லைக் கழற்றி அவ்விடத்தில் ஸ்பெயாரைப் பூட்டுங்கள். கழற்றியதை முன் வலத்தில் பூட்டி, அங்கிருந்ததைப் பின் வலத்தில் பூட்டி, அங்கிருந்ததை முன் இடப்பக்கத்தில் பூட்டி, முன் இடப்பக்கத்திலிருந்து வந்ததை ஸ்பெயார் நிற்கும் பின் இடப்பக்கத்தில் பூட்டினால் வேலை முடிந்தது. ஐந்து தடவை ஜக் அடிக்க வேண்டும். ஆனால் எந்த நேரத்திலும் ஒரு மூலை மட்டுமே தரையை விட்டு உயர்ந்திருக்கும். எங்கள் கரையோர ஊர்களில் வளவு முழுவதும் மணல் ஆகையால், ஜக்கின் கீழ் அகலமான தடித்த பலகை ஒன்றை வைக்காமல் காரை உயர்த்தவே கூடாது. மற்றச் சில்லுகளுக்குக் கல் அணை கொடுங்கள். காரின் கீழே கையோ காலோ போகக் கூடாது.

கடற்காற்று படும் ஊர்களில் சில்லும் அச்சின் தட்டும் சந்திக்கும் முகத்தில் துரு பிடித்து இறுகியிருக்கும். அந்தத் துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து எடுத்த பின்னரே சில்லைப் பூட்ட வேண்டும். துரு இடையில் இருக்கும்போது நட் இறுகியது போலத் தோன்றும்; ஓட ஓடத் துரு நொறுங்க, நட் தளர்ந்துவிடும். என் சொந்தக் காரிலேயே இது நடந்தது. ஒரு நாள் அவசரமாக மாற்றிவிட்டுத் துருவைப் பார்க்காமல் புறப்பட்டேன். ஏறாவூரைக் கடக்கும்போது பின்னால் 'டொக் டொக்' என்று கேட்ட சத்தத்தை இறங்கிப் பார்த்தபோது, நான்கு நட்களில் மூன்று கையால் சுழலும் நிலையில் இருந்தன. அன்று முதல் யாருடைய வாகனமானாலும் 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடிய பின் நட்களை மீண்டும் இறுக்கிப் பார்க்காமல் நான் விடுவதில்லை. நட்களை வரிசையாக இறுக்காமல் எதிரெதிராக இறுக்க வேண்டும். சாவியின் மேல் ஏறி நின்று மிதிப்பதும் தவறு. இறுக்கும் அளவு கைந்நூலில் இருக்கும். பல டொயோட்டா கார்களுக்கு அது 103 நியூட்டன் மீற்றர்.

கடைசியாகக் காற்று. சாரதியின் கதவோரத் தூணில் ஒட்டப்பட்டுள்ள தாளில் முன்னுக்கும் பின்னுக்கும் வெவ்வேறு அளவு தரப்பட்டிருந்தால், சில்லு மாறிய பின் காற்றையும் மாற்றி வைக்க வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். காலையில், கார் ஓடுவதற்கு முன் அளந்து பாருங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் நண்பகல் வீதியில் ஓடிச் சூடான டயரில் அளந்தால் எண் கூடக் காட்டும். அதை நம்பிக் காற்றை இறக்கினால் மறுநாள் காலையில் குறைவாக இருக்கும். இரு ஓரத் தேய்வின் தொடக்கம் பெரும்பாலும் அங்கேதான்.

கேள்வி: சில்லு மாற்றினால் டயர் நீண்ட காலம் உழைக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. மாற்றிக்கொண்டே வந்தால் நான்கும் ஒரே நேரத்தில் முடிந்துவிடும். மாதச் சம்பளக்காரன் ஒருவனால் நான்கு டயரை ஒரே நாளில் எப்படி வாங்க முடியும்? மாற்றாமல் விட்டால் இரண்டு இரண்டாக வாங்கிக்கொள்ளலாமே? (சம்மாந்துறை வாசகர் ஒருவர்)

பதில்: உங்கள் சந்தேகம் நியாயமானது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாற்றாமல் ஓடினால் முன் டயர்கள் 30,000 கிலோமீற்றரும் பின் டயர்கள் 60,000 கிலோமீற்றரும் தாக்குப்பிடிக்கும் ஒரு காரை எடுத்துக்கொள்ளுங்கள். 60,000 கிலோமீற்றரில் முன்னுக்கு நான்கும் பின்னுக்கு இரண்டுமாக ஆறு டயர் செலவாகும். ஒழுங்காக மாற்றி ஓடினால் ஒவ்வொரு டயரும் பாதி வழி முன்னும் பாதி வழி பின்னும் நின்று 40,000 கிலோமீற்றர் உழைக்கும். 60,000 கிலோமீற்றருக்கு எத்தனை டயர் என்று பார்த்தால், அதே ஆறு. ஆகவே சீரான தேய்வை மட்டும் வைத்துப் பார்த்தால், சில்லு மாற்றுவது வீதியில் கரையும் இறப்பரை ஒரு கிராம்கூட மிச்சப்படுத்துவதில்லை. இதை மறைத்து 'இரட்டிப்பு ஆயுள்' என்று சொல்பவர்களின் பேச்சை நீங்கள் நம்பாதது சரியே.

இலாபம் வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது. முதலாவது, டயர்கள் எப்போதும் சீராகத் தேய்வதில்லை. முன்னால் நிற்கும் டயரின் ஓரங்கள் வளைவுகளில் கரைந்து, நடுவில் 4 மில்லிமீற்றர் இறப்பர் மீதமிருக்கும்போதே ஓரம் மொட்டையாகி, டயரைக் கழிக்க வேண்டி வரும். உரிய காலத்தில் பின்னுக்குப் போயிருந்தால் அந்த மீதி இறப்பரும் பயன்பட்டிருக்கும். இரண்டாவது, டயருக்கு வயது உண்டு. ஆண்டுக்கு 8,000 கிலோமீற்றர் மட்டும் ஓடும் ஒருவரின் பின் டயர்கள் இடம் மாறாவிட்டால், மேற்சொன்ன கணக்கில் தேய்ந்து முடிய ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதற்கிடையில் எங்கள் வெயிலில் இறப்பர் இறுகி, பக்கச்சுவரில் மயிர்போல வெடிப்பு விழுந்துவிடும். பூ இருக்கிறதே என்று பலர் அதிலேயே ஓடுகிறார்கள். ஈர வீதியில் அந்த இறப்பருக்குப் பிடிப்பு இராது. 5 ஆண்டு கடந்த டயரை ஆண்டுதோறும் ஒருவரிடம் காட்டிப் பரிசோதிக்க வேண்டும் என்றும், 10 ஆண்டு கடந்ததைத் தோற்றம் எப்படி இருந்தாலும் பாவிக்க வேண்டாம் என்றும் பெரிய உற்பத்தியாளர்கள் சொல்கிறார்கள். வயதை அறியப் பக்கச்சுவரில் 'டொட்' என்ற ஆங்கில எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள்: 3522 என்றிருந்தால் அது 2022 ஆம் ஆண்டின் 35 ஆவது வாரத்தில் செய்யப்பட்டது.

2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 இல் மீண்டும் திறக்கப்படும் வரை, கையிலிருந்த வாகனத்தையே எல்லோரும் பேணி ஓட வேண்டியிருந்தது. அக்காலத்தில் டயர் விலை ஏறிய ஏற்றம் இன்னும் பலருடைய நெஞ்சில் இருக்கிறது. ஆகவே இரண்டு இரண்டாக வாங்கும் உங்கள் எண்ணத்தை நான் தடுக்க மாட்டேன். முன்சில்லு இழுக்கும் காருக்கு அது ஏற்கத்தக்க வழியே, ஒரு நிபந்தனையோடு: புதிய இரண்டும் பின்னுக்குப் போக வேண்டும், பின்னால் இருந்த பாதித் தேய்ந்தவை முன்னுக்கு வர வேண்டும். முன்னால்தான் வேலை அதிகம், புதியதை அங்கே போட்டால் என்ன என்று கேட்பீர்கள். மழையில் முன் டயர் வழுக்கினால் கார் நேரே போகப் பார்க்கும். அக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் பிடிப்புத் திரும்பும். பின் டயர் வழுக்கினால் காரின் பின்பக்கம் சுழன்று வீதிக்குக் குறுக்கே வந்துவிடும். அதை அடக்கும் பயிற்சி நம்மில் மிகச் சிலருக்கே உண்டு. பிடிப்பு அதிகமுள்ள சோடி பின்னால் இருக்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம். இப்படி இரண்டு வாங்கும் ஒவ்வொரு தடவையும் பழையவை முன்னுக்கு வருவதால், நீங்கள் வேண்டாம் என்று சொன்ன இடமாற்றம் உங்கள் காரிலும் நடந்துகொண்டுதான் இருக்கும்.

கேள்வி: சில்லு மாற்றிய மறுநாளே 80 கிலோமீற்றர் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்குகிறது. முன்பு இல்லாத ஓர் இரைச்சலும் கேட்கிறது. மாற்றாமலே விட்டிருக்கலாமோ என்று தோன்றுகிறது. (ஓட்டமாவடி)

பதில்: முதலில் நட்களையும் மேலே சொன்ன துருவையும் பாருங்கள், வேறு எதையும் அதற்குப் பிறகு யோசிக்கலாம். அவை சரியாக இருந்தால், நடுக்கம் புதிதாகப் பிறந்ததன்று. பலன்ஸ் தவறிய, அதாவது சுற்றிலும் பாரம் சமமில்லாத ஒரு சில்லு இவ்வளவு காலம் பின்னால் இருந்தது. பின்னால் இருக்கும்போது அதன் ஆட்டம் ஆசனத்துக்கு மட்டும் சிறிதாகத் தெரியும். முன்னுக்கு வந்ததும் ஸ்டியரிங் வழியாக உங்கள் கைக்கே வருகிறது. பாரத்தைச் சமப்படுத்த விளிம்பில் ஒட்டிய ஈயக் கட்டி எங்கோ விழுந்திருக்கலாம். நான்கையும் பலன்ஸ் செய்யுங்கள்.

இரைச்சலுக்குக் காரணம், வாளின் பல்லைப் போலத் தேய்ந்த டயர் இப்போது வேறு திசையில் சுழல்வது. எலைன்மன்ட் சரியாக இருந்தால் ஓரிரு ஆயிரம் கிலோமீற்றரில் அந்தப் பற்கள் தேய்ந்து சத்தம் குறையும். அது குறையாமல், வேகத்தோடு சேர்ந்து ஏறி, வளைவில் ஒரு பக்கம் திரும்பும்போது மட்டும் கூடினால், அது டயரின் சத்தமாக இராது. சில்லின் பெயாரிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கார் ஒரு பக்கம் இழுக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இழுத்தால், முன் சில்லுகள் இரண்டையும் இடம் வலம் மாற்றிப் பாருங்கள். இழுப்பு மறுபக்கத்துக்குத் தாவினால் டயரில் குறை. தாவாமல் அதே பக்கம் நின்றால் எலைன்மன்டிலோ பிரேக்கிலோ குறை. செலவில்லாத சோதனை இது.

கேள்வி: அக்கரைப்பற்றிலிருந்து கண்டி, கொழும்புக்கு வாடகை வான் ஓடுகிறேன். பின்சில்லு தள்ளும் வான். காருக்குச் சொல்லும் முறையே இதற்கும் பொருந்துமா?

பதில்: இல்லை, உங்களுக்கு முறை தலைகீழ். பின் சில்லுகள் நேராக முன்னுக்கு வர வேண்டும். முன் சில்லுகள் குறுக்காகப் பின்னுக்குப் போக வேண்டும். ஸ்பெயார் சில்லும் அதே அளவும் அதே இனமுமாக இருந்தால் அதையும் வரிசையில் சேருங்கள்: முன் இடது பின் வலத்துக்கு, முன் வலது ஸ்பெயார் வைக்கும் இடத்துக்கு, ஸ்பெயார் பின் இடப்பக்கத்துக்கு. ஐந்து டயரும் ஒன்றாக வயதாகும்; ஒருபோதும் வெளிச்சம் காணாத ஸ்பெயார் தேவைப்படும் நாளில் வெடித்துக் கிடக்காது.

நீங்கள் பன்னிரண்டு பேரையும் பொதிகளையும் ஏற்றிக்கொண்டு மகியங்கனைக்கு அப்பால் பதினெட்டு வளைவுகளில் ஏறி இறங்குகிறீர்கள். ஏறும்போது பின் டயரின் நடுவும், இறங்கும்போது முன் டயரின் ஓரங்களும் உரசிப் போகின்றன. மாதத்தில் பல தடவை அப்பாதையில் செல்பவர் 10,000 வரை காத்திருக்க வேண்டாம். நான் 7,000 என்பேன், அதுவும் ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் முன் டயர்களின் ஓரங்களைத் தடவிப் பார்க்கும் பழக்கத்தோடு. பாரம் ஏற்றிய வானில் பின் டயருக்கான காற்று முன்னதைவிடக் கூடுதலாக இருக்கும். சில்லு மாற்றிய அன்று அதைச் சரிசெய்யாமல் புறப்பட்டால், காற்றுக் குறைந்த டயர் முழுப் பாரத்தையும் தாங்கி, மடிந்து மடிந்து சூடேறும். நெடும்பயணங்களில் டயர் வெடிப்பதற்கு இந்தச் சூடு ஒரு முக்கிய காரணம். மாற்றித் தருபவர் காற்றை அளந்தாரா என்று நின்று பாருங்கள்; ஏறி அமர்பவர்கள் உங்களை நம்பித்தான் வருகிறார்கள்.

கேள்வி: நான்கு சில்லும் இயங்கும் வாகனத்தில் ஒரு டயர் கல்லில் வெட்டுப்பட்டுவிட்டது. அதை மட்டும் புதிதாக வாங்கினால் போதுமா? (திருக்கோவில்)

பதில்: மற்ற மூன்றும் எவ்வளவு தேய்ந்துள்ளன என்பதைப் பொறுத்தது. புதிய டயரின் சுற்றளவு கூட. தேய்ந்ததன் சுற்றளவு குறைவு. எப்போதும் நான்கு சில்லும் இயங்கும் வாகனத்தில் இந்த வித்தியாசத்தை, சில்லுகள் வெவ்வேறு வேகத்தில் சுழல இடந்தரும் டிபரன்ஷலும், எஞ்சினின் இயக்கத்தை முன்னுக்கும் பின்னுக்கும் பகிரும் பெட்டியும் ஒவ்வொரு சுற்றிலும் சமாளிக்க வேண்டும். நாளடைவில் அவை சூடேறிப் பழுதாகும். நான்கு டயர்களின் ஆழங்களுக்கும் இடையில் எவ்வளவு வித்தியாசம் இருக்கலாம் என்பது கைந்நூலில் இருக்கும். பல வாகனங்களில் அது 2, 3 மில்லிமீற்றருக்குள்தான். அதற்கு மேற்பட்டால் ஓரளவு தேய்ந்த நல்ல டயர் ஒன்றைத் தேடிப் போடுவது புதியதைவிடச் சிறந்தது. சில்லு மாற்றுவதைக் கட்டாயக் கடமையாகக் கொள்ள வேண்டிய வாகனம் ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

கேள்வி: முச்சக்கர வண்டிக்கு இவை எல்லாம் தேவையா? (கல்லடி)

பதில்: தேவை. பஜாஜ் வண்டியின் மூன்று சில்லும் 4.00-8 என்ற ஒரே அளவு. ஆகவே எதையும் எங்கும் பூட்டலாம். பின் இரண்டும் தள்ளுகின்றன, பாரமும் அவற்றின் மேலேயே. நாம் இடப்பக்கம் ஓடுவதால், ஆள் ஏற்ற இறக்க ஓரங்கட்டும் ஒவ்வொரு தடவையும் பின் இடது சில்லே தார் விளிம்பிலிருந்து இறங்கிக் கல்லில் ஏறுகிறது. இதனால் அந்த டயரின் பக்கச்சுவர் வெட்டுப்படுவதைக் காண்பீர்கள். 5,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை பின் வலதை முன்னுக்கும், முன்னதைப் பின் இடப்பக்கத்துக்கும், பின் இடதைப் பின் வலத்துக்கும் சுற்றிவிடுங்கள். ஆனால் பக்கச்சுவரில் வெட்டோ வீக்கமோ உள்ள டயரை முன்னுக்கு ஒருபோதும் கொண்டுவராதீர்கள். முன்னால் இருப்பது ஒரே ஒரு சில்லு. அது வெடித்தால் வண்டியைப் பிடித்து நிறுத்த வேறு ஒன்றும் இல்லை. இங்கும் முன்னுக்குக் காற்றுக் குறைவு, பின்னுக்குக் கூட என்பதை மறக்க வேண்டாம்.

மோட்டார் சைக்கிள் பற்றிக் கேட்ட காத்தான்குடி வாசகருக்கு: முன் டயரும் பின் டயரும் அளவிலும் வடிவிலும் வேறானவை. மாற்றவே கூடாது.

கேள்வி: நாவிதன்வெளியில் உழவு இயந்திரம் வைத்திருக்கிறேன். வயலைவிட நெல் மூட்டை ஏற்றி வீதியில் ஓடுவதே அதிகம். பின் பெரிய டயர்களில் ஒன்று மற்றதைவிடத் தேய்ந்துவிட்டது. இடம் வலம் மாற்றலாமா?

பதில்: சில்லோடு கழற்றி மறுபக்கம் பூட்டினால் டயரின் மேற்பரப்பிலுள்ள இறப்பர்க் கட்டைகள் திசை மாறிவிடும். வண்டியின் பின்னால் நின்று பாருங்கள்: கட்டைகள் சேரும் கூர்ப்பகுதி மேல்நோக்கி இருக்க வேண்டும். அப்போதுதான் உருளும்போது கூர் முதலில் மண்ணில் இறங்கி, சேற்றை இரு பக்கமும் ஒதுக்கித் தள்ளும். தலைகீழாகப் பூட்டினால் சேறு கட்டைகளுக்கு நடுவே அடைந்து, மகாபோக உழவில் சில்லு நின்ற இடத்திலேயே சுழலும். ஆகவே மாற்றுவதானால் டயரைச் சில்லிலிருந்து கழற்றி, புரட்டி, மறுபக்கச் சில்லில் ஏற்ற வேண்டும். தண்ணீர் நிரப்பிய டயரானால் முதலில் அதை இறக்க வேண்டும். இது வீட்டில் செய்யும் வேலையன்று. பெரிய டயர் கழற்றும் வசதியுள்ள இடத்துக்கே கொண்டுசெல்லுங்கள்.

அதற்கு முன், ஒன்று மட்டும் ஏன் தேய்ந்தது என்று பாருங்கள். இரண்டிலும் காற்று சமமாக இருக்கிறதா? வயலுக்காக இறக்கிய காற்றோடு வீதியில் ஓடுகிறீர்களா? பாரம் ஏற்றிய பெட்டியை இழுத்துக்கொண்டு, காற்றுக் குறைந்த டயரில் சூடான தார் வீதியில் ஓடும்போது கட்டைகள் அரத்தில் வைத்தது போலக் கரைகின்றன. உங்கள் ஓட்டத்தில் பெரும்பகுதி வீதி என்பதால், அறுவடைக் காலம் முழுவதும் வீதிக்கான காற்றையே வைத்திருந்து, வயலில் இறங்கும் நாட்களில் மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். தேய்வு வித்தியாசம் கட்டையின் உயரத்தில் கால்வாசிக்கும் குறைவாக இருந்தால் இப்போதைக்குப் புரட்டும் செலவு வேண்டாம். காற்றைச் சமப்படுத்தி ஒரு போகம் ஓடி, மீண்டும் அளந்து எனக்கு எழுதுங்கள்.